ஆர்னல்ட் ஹெப்டன் ராஜாவுக்குப் பரிந்து பேசிய வாரம்

கையுறையைத் தேடித்தான் ஆர்னல்ட் ஹெப்டன் பழைய மழைக்கோட்டின் பைக்குள் கையை விட்டார். வந்தது கையுறை இல்லை. நான்காக மடித்த ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அரண்மனைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம். ஒரு வரிகூட நிரப்பப்படாமல் இருந்தது.

அறுபது வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்ட தம்பதிக்கு ராஜாவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். ஆனால் தானாக வராது. ஹாலிஃபாக்ஸில் யார் எப்போது யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று ராஜா கணக்கு வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? யாராவது எழுதிக் கேட்க வேண்டும். அதுவும் மூன்று வாரம் முன்பே. பிப்ரவரியில் மியூரியல் இந்த விண்ணப்பத்தைக் கணவர் கையில் கொடுத்து, "நிரப்பிப் போஸ்ட் பண்ணிடு ஆர்னல்ட், மறந்துடாதே" என்று சொல்லியிருந்தார். இப்போது மே மாதம். இன்று திங்கள். கல்யாண நாள் வரும் சனிக்கிழமை.

முழுப் பழியையும் மறதியின் மேல் போடுவது நியாயமில்லை. ஆர்னல்ட் நாற்பது வருஷமாக முடியாட்சி ஒழிப்புக் குழுவின் ஹாலிஃபாக்ஸ் கிளைச் செயலாளர். கிளையில் மொத்தம் மூன்று பேர், அதில் பெர்ட்டுக்குக் காது கேட்காது. பஸ் ஓட்டிய காலத்தில், ராஜ குடும்பத்து ஊர்வலத்துக்கு வழிவிடச் சொன்ன போலீஸ்காரரிடம் "இது மதியச் சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிவிட்டு, நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி சாண்ட்விச் தின்ற மனிதர். அந்தக் கை "மாட்சிமை பொருந்திய அரசரே" என்று எழுத மறுத்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் நிஜமாகவே மறந்துபோனார்.

மியூரியலோ நேர் எதிர். அவருக்கு உலகத்து ஆண்களை எல்லாம் அளக்கிற அளவுகோல் ராஜாதான்.

"டீயை உறிஞ்சாதே. ராஜா இப்படி உறிஞ்சுவாரா?"

"அவருக்குத் தொண்டை வேற, எனக்குத் தொண்டை வேற."

"தொண்டை இல்ல ஆர்னல்ட், வளர்ப்பு."

ராஜா இளவரசராக இருந்த நாளிலிருந்தே, அறுபது வருஷமாக இதே பேச்சு. ஆனால் அந்த அறுபது வருஷத்தில் மியூரியல் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒரு அட்டைதான். சனிக்கிழமை தேவாலய ஹாலில் நாற்பது பேர் முன்னிலையில் அதைப் பிரிப்பதாக ஏற்பாடு. பத்திரிகைக்காரர் வேறு வருகிறார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஆர்னல்டுக்கு இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. தன்னைப்போல ஒரு பாவி இந்த யார்க்‌ஷயரில் பிறந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

பஸ் நிறுத்தத்துக்குப் போய் அங்கிருந்து அரண்மனைக்குப் போன் செய்தார்.

"வாழ்த்துப் பிரிவு, சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

"ஒரு சிநேகிதருக்காகக் கேக்கறேன். சனிக்கிழமைக்கு ஒரு அட்டை வேணும்."

"குறைஞ்சது மூணு வாரம் ஆகும் சார். அவங்க பேரும் ஊரும் சொல்லுங்க, பார்த்துச் சொல்றேன்."

பேரா? ஹாலிஃபாக்ஸ் கிளைச் செயலாளரின் பெயர் அரண்மனை ஏட்டில் ஏறுவதா? "ராங் நம்பர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கூப்பிட்டவரே ராங் நம்பர் என்று சொன்னது அந்தப் பெண்ணுக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை மியூரியல் ஜன்னலோரம் நின்றார். "இன்னும் வரலியே ஆர்னல்ட். நீ போஸ்ட் பண்ணினேதானே?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார் ஆர்னல்ட். "தபால்ல தாமதம் ஆகியிருக்கும்" என்று வந்தது.

மியூரியல் வீட்டுச் செருப்போடு வாசலுக்குப் போய் தபால்காரர் டெரக்கைப் பிடித்துக்கொண்டார். "என் அட்டையை எங்கே தொலைச்சே?"

டெரக் இருபத்திரண்டு வருஷமாக ஒரு கடிதத்தையும் தொலைக்காதவர். முகம் சிவந்துவிட்டது. "நானா? அரண்மனைத் தபால்னா பையில கூடப் போட மாட்டேன், கையில பிடிச்சுக்கிட்டு வருவேன். வந்தாத்தானே? அவங்க அனுப்பவே இல்லை, அவ்வளவுதான்."

தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள டெரக் அன்று வீட்டுக்கு வீடு கடிதத்தோடு இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் தெரு முழுக்க ராஜாவைப் பற்றிய அபிப்பிராயம் தயார்.

"எல்லாம் வளர்ப்புக் கோளாறு" என்றார் பக்கத்து வீட்டு ஹில்டா கிளெக், வேலிக்கு மேலே தலையை நீட்டி. "ஆயா கையில வளர்ந்த பிள்ளை. அடுத்தவங்க கல்யாண நாள் எங்கேருந்து ஞாபகம் இருக்கும்?"

மருந்துக்கடை வரிசையில், "ஆள் தங்கமானவர்தான், ஆனா பொறுப்பு கிடையாது" என்றார் ஒருவர். இறைச்சிக் கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "கடமை உணர்ச்சியெல்லாம் அவங்க அம்மா தலைமுறையோட போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நாற்பது வருஷம் துண்டறிக்கை விநியோகித்தும் இந்தத் தெருவில் ஒருவரைக்கூட ஆர்னல்டால் மாற்ற முடிந்ததில்லை. இப்போது ஒரே நாளில் தெருவே மாறிக்கொண்டிருந்தது. அவருக்கோ அதில் சந்தோஷமே இல்லை. செய்த தப்பு இவருடையது, திட்டு வாங்குவது அந்த மனிதர்.

புதன்கிழமை மியூரியல் முன்னறைச் சுவரிலிருந்து ராஜாவின் படத்தைக் கழற்றினார். சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு மட்டும் தெரிந்தது.

"இத்தனை வருஷம் நான் ஏமாந்துட்டேன் ஆர்னல்ட். நீ சொன்னதுதான் சரி."

இந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் ஆர்னல்ட் அறுபது வருஷம் காத்திருந்தார். கேட்டதும் அழுகை வந்தது. மியூரியல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. அதைப் பார்க்க ஆர்னல்டுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதே மியூரியல். அவர் மறக்கற ஆள் இல்லை."

ஏப்ரனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "உனக்கெப்படித் தெரியும்?"

"வளர்ப்பு அப்படி" என்றார் ஆர்னல்ட். அவர் வாய்தான் சொன்னது. அவருக்கே நம்ப முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு, சரியாக் கேக்கலை."

"நல்ல வளர்ப்பு. கடமைன்னா உயிரை விடற மனுஷன். அட்டை கட்டாயம் வரும்."

வரும் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி வரவழைக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாக பாலின் என்ற பெண்மணியின் அச்சகக் கதவைத் தட்டினார். பாலின் கல்யாணப் பத்திரிகையும் இறுதிச்சடங்குத் தாளும் அச்சடிக்கிறவர். ஆர்னல்ட் சொன்னதைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராஜா கையெழுத்தோட அட்டையா? கண்ணு, இது ஜெயிலுக்குப் போற சமாச்சாரம்."

"போறேன். எண்பத்து மூணு வயசுக்கு எவ்வளவு போட்டுடப் போறாங்க?"

"என்ன எழுதணும்?"

ஆர்னல்ட் எழுதியே கொண்டுவந்திருந்தார். அரைப் பக்கம். 'மியூரியல் அம்மையாரே, உம்மைப் போன்ற பொறுமைசாலியை நமது ராஜ்யம் கண்டதில்லை. உமது கணவர் உமக்கு எந்த விதத்திலும் ஈடாகாதவர் என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.' கடைசி வரியைப் படித்துவிட்டு பாலின் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"நீயே தபால்ல போட்டுடு பாலின். சனிக்கிழமை காலையில வாசல்ல வந்து விழணும்."

"கவலைப்படாதே கண்ணு. சனிக்கிழமை அட்டை வரும்."

அன்று மாலை மதுக்கடையில் குழுவின் வாராந்தரக் கூட்டம். தலைவர் வில்ஃப் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார்.

"ஆர்னல்ட்! நாற்பது வருஷத்துல நமக்குக் கிடைச்ச முதல் வெற்றி. ‘அறுபது வருஷத் தம்பதியைக் கைவிட்டார் ராஜா’ன்னு பேப்பர்ல போடச் சொல்லியிருக்கேன். மியூரியல் சுவத்தைப் பார்த்து அழற மாதிரி ஒரு படம் வேணும்."

"வேண்டாம் வில்ஃப். பாவம், அவர் என்ன செய்வார்? ஒரு நாளைக்கு எத்தனை அட்டையில கையெழுத்துப் போடணுமோ. கை வலிச்சாலும் கடமை தவறாத மனுஷன்."

வில்ஃப் கிளாஸை மேஜையில் வைத்தார். "எத்தனை கிளாஸ் உள்ளே போயிருக்கு?"

"அரைதான்."

"அப்ப தெளிவாத்தான் பேசறே. அது இன்னும் மோசம்."

செயலாளரை நீக்கும் தீர்மானம் அங்கேயே ஓட்டுக்கு விடப்பட்டது. வில்ஃப் கை தூக்கினார். பெர்ட்டும் தூக்கினார், இன்னொரு ரவுண்டு கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். நாற்பது வருஷப் பதவி ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்த ஆர்னல்டுக்கு வாழ்க்கையில் பிடிப்பே விட்டுப்போயிற்று. கொள்கையும் இல்லை, சிநேகிதனும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு கள்ள அட்டை, அதுவும் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை காலை டெரக் தபால் பையைத் தோளில் போட்டபடி ஒரு உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். பின்னால் பாதித் தெரு வந்தது.

"நான் தொலைக்கலைன்னு சொன்னேனே!" என்று வாசலில் நின்று கத்தினார்.

மியூரியல் வீட்டில் பிரிக்கவில்லை. ஹாலில், முட்டை சாண்ட்விச்சும் டிரைஃபிள் இனிப்பும் பரிமாறி முடிந்த பிறகு, நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று பிரித்தார். அழைக்காமலே வந்திருந்த வில்ஃப் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்கள் அறுபதாவது திருமண நாளில் இருவருக்கும் என் மனமார்ந்த நல்வாழ்த்துகள்" என்று படித்த மியூரியல், அட்டையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதானா? ஆர்னல்டுக்குத் திக்கென்றது. பொறுமைசாலி எங்கே? ஈடாகாத கணவர் எங்கே? அரைப் பக்கத்தை வெட்டி இரண்டு வரியாக்கிவிட்டாளே பாலின்! எட்டிப் பார்த்தார். கையெழுத்தில் உயிரே இல்லை. தாள் பளபளவென்று மளிகைக்கடைக் காலண்டர் மாதிரி இருந்தது. குருடன்கூடப் போலி என்று சொல்லிவிடுவான்.

வில்ஃப் நேராக வந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அட்டையை வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"வளர்ப்புன்னா இது!" என்றார் ஹில்டா கிளெக். "நான் அன்னிக்கே சொன்னேன், அவர் மறக்கவே மாட்டார்னு."

"கடமைன்னா அவர்கிட்டதான் கத்துக்கணும்" என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

யாரோ பியானோவில் தேசிய கீதத்தை ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் கரகரத்தன, எல்லோரும் எழுந்தார்கள். மியூரியல் திரும்பி ஆர்னல்டைப் பார்த்தார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான். ஆர்னல்ட் ஹெப்டன் மேஜையைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். நாளைக்கு ஊரே பார்க்கும். ஒரு பொய் அட்டைக்காக இந்த வயதில் மானம் மரியாதை எல்லாம் போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும், டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற பாலினை ஓரமாக இழுத்தார்.

"என்ன வேலை செஞ்சிருக்கே? நான் எழுதிக் கொடுத்ததுல ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கையெழுத்து பல்லிளிக்குது!"

பாலின் டிரைஃபிளை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"உன் அட்டையை நான் அடிக்கவே இல்லையே கண்ணு. போன மாசமே உன் மழைக்கோட்டுப் பையில அந்த விண்ணப்பம் அப்படியே கிடக்கறதைப் பார்த்துட்டு, மியூரியல் தானாவே அரண்மனைக்கு எழுதிப் போட்டுட்டு, 'கடைசி வாரம் இந்த மனுஷன் உன்கிட்ட வந்து நிப்பாரு, ஆர்டரை மட்டும் வாங்கி வச்சுக்கோ, அந்த வாய் ராஜாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசறதை நான் சாகறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடணும்'னு சொல்லிட்டுப் போனாங்க."