ஆளுக்கொரு தடவை அமுக்கிய பட்டன்

அன்பு மகளுக்கு,

ஆண்டவன் துணையோடு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீயும் நீ கட்டுகிற பாலமும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சம்பவம் நடந்தபோது கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அப்பா நாளைக்கே "அப்படி ஒண்ணு நடக்கவேயில்லை" என்று சொல்லிவிடுவார். நான். உன் அப்பா. கம்ப்யூட்டர் மெக்கானிக். நம்மிடம் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுக்காமலே அதைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த மாடிவீட்டு அக்கா. வேறு யாரும் இல்லை. நீ இருந்திருந்தால் மெக்கானிக்கே வந்திருக்க மாட்டார்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இந்தப் பாலம் முடியப்போகிறது, அடுத்த பாலத்துக்கும் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், இன்னும் மூன்று வருஷம் ஆகும், கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். போனில் கேட்டால் நாங்கள் "நல்லா இருக்கோம், சாப்டியா" என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஆள் போனை மாற்றிக் கொடுத்துக்கொள்கிறோமாம், அதனால் யோசித்து எழுதி அனுப்பச் சொன்னாய். சரி என்று நானும் காலை வேலையெல்லாம் முடித்து, கை கால் கழுவி, சாமி கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீ ஊருக்குப் போகிற அவசரத்திலும் இடது ஓரத்துப் பெரிய பட்டனில் உன் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்து, "அம்மா, இந்த ஒரு பட்டன் போதும். ஒரு தடவை அமுக்கினா தமிழ், இன்னொரு தடவை அமுக்கினா இங்கிலீஷ். இது கூடத் தெரியலைன்னா நான் என்ன பண்றது" என்று சொன்னாயே, அதை அமுக்கினேன். அப்புறம் தலை நிமிராமல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒரு முழுப் பக்கம் அடித்தேன். நானாகக் கற்றுக்கொண்ட கை, எழுத்தைப் பார்த்தால் திரையைப் பார்க்கத் தெரியாது. முடிவில் நிமிர்ந்தபோது எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டேன். "அம்மா, ஒரு எழுத்தும் புரியலை. கீபோர்டைத் துணியால துடைச்சியா?" என்று நீ பதில் போட்டாய்.

எனக்கு வந்த கோபம் உன் மேல் இல்லை. உன் அப்பா மேல். அவர் மின்சார அலுவலகத்துக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் இங்கிலீஷில் மனுப் போடுகிறவர். மனுப் போடுவதை நிறுத்தினால் கைகால் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ டாக்டர் சொன்னதுபோல் தினம் ஒன்று போடுகிறார். அவர்தான் இங்கிலீஷிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார் என்பது என் கட்சி. நான்தான் தமிழிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்பது அவர் கட்சி. அவர் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. மின்சார அலுவலகத்துக்கு அவர் மரியாதையாக 'டியர் சார்' என்று ஆரம்பித்தது "உஊஅஐ இனை" என்று போயிருக்கிறது. யாரோ கம்பத்தில் கை வைத்துவிட்டு அலறின மாதிரி இருந்தது. அங்கிருந்து உடனே பதில் வந்துவிட்டது, தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று. இத்தனை வருஷத்தில் அவர் மனுவுக்கு அவர்கள் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதே இல்லை.

இரண்டாவது தடவை நான் உஷாராக இருந்தேன். ஒரு தடவை அமுக்கினால்தானே ஏமாற்றுகிறது என்று நிச்சயத்துக்கு இரண்டு தடவை அமுக்கிவிட்டு அடித்தேன். அதுவும் உனக்குப் புரியவில்லை. இதற்குள் நீ கையெழுத்துப் போட வேண்டிய நாள் நெருங்குகிறது, அம்மா பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

அவர் வந்து, பின்பக்கம் கழற்றி, தூசி ஊதி, ஒரு குறையும் இல்லை என்றார். "ஒண்ணு பண்ணுங்க. நான் இப்படி ஓரமா நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தினமும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க" என்றார். உன் அப்பா உட்கார்ந்து இங்கிலீஷில் இரண்டு வரி அடித்தார். எழுந்தார். எழும்போதே, நாற்காலியை உள்ளே தள்ளுகிற மாதிரி வெகு இயல்பாக, அந்தச் சிவப்புப் புள்ளியில் ஒரு தட்டு தட்டினார். நான் உட்கார்ந்தேன், கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டேன், நானும் ஒரு தட்டு தட்டினேன்.

மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "சார், எழுந்து போகும்போது நீங்க எதுக்கு அமுக்கினீங்க?"

"அவளுக்குத் தமிழ்தானே வேணும். வந்து உக்காந்தா கஷ்டப்படக் கூடாதுன்னு மாத்தி வச்சிட்டுப் போறேன்."

"நீங்க ஏம்மா அமுக்கினீங்க?"

"அவர் எங்க மாத்தி வைக்கப் போறாரு? அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாரேன்னு அமுக்கினேன்."

"அப்போ எழுந்திரிக்கும்போது நீங்களும்...?"

"ஆமா. அவருக்கு இங்கிலீஷ் வேணுமேன்னு நானும் மாத்தி வச்சிட்டுதான் எழுந்திரிப்பேன்."

மாடிவீட்டு அக்கா ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அடப்பாவிகளா, ஒருத்தருக்கொருத்தர் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிக்க மாட்டீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் இரண்டு தடவை அமுக்கிய அன்றைக்காவது சரியாக வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். உன் அப்பா முனகினார்: "அன்னிக்கு உன் மேல கோவம். அமுக்காமப் போயிட்டேன்." கோபம் வந்தால் சாப்பிடாமல் போகிற மனுஷர்களைப் பார்த்திருக்கிறேன், பட்டன் அமுக்காமல் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். மெக்கானிக் போகும்போது, "இனிமே உக்கார்றவங்க மட்டும் அமுக்குங்க. எழுந்திரிக்கிறவங்க கையைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று தீர்ப்புச் சொன்னார். உன் அப்பா தலையாட்டினார். ஆட்டிவிட்டு இன்று காலை குளிக்கப் போனவர் பாதி வழியில் துண்டோடு திரும்பி வந்து தட்டிவிட்டுப் போகிறார், பழக்கம். அதனால் இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து பார்த்துத்தான் அடிக்கிறேன். தமிழாகத்தான் இருக்கிறது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். உன் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "தாராளமா இருந்துட்டு வான்னு போடு" என்கிறார். போட்டுவிட்டேன். தாராளமாக இருந்துவிட்டு வா. "அதுக்குக் கீழ ஒரு கோடு போடு" என்கிறார். கோடு போட எனக்குத் தெரியாது, போட்டதாக வைத்துக்கொள்.

எங்களைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். உன் அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் எழுந்ததும் உன் ஊரில் வெயிலா மழையா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அங்கே மழை என்றால் இங்கே குடை எடுத்துக்கொண்டு போகிறார். போன வாரம் முழுக்கச் சுள்ளென்று வெயில், இவர் மட்டும் குடையும் கையுமாகக் கடைத்தெருவில் நடந்தார், பால்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஐயாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். நானும் நன்றாக இருக்கிறேன். வீட்டுக் கணக்கில் உனக்கென்று இருந்த பத்தியை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், எடுத்தால் பக்கம் கோணலாகத் தெரிகிறது, அதனால் வெறுமனே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கும்பிடும்போது மட்டும் கொஞ்சம் குழப்பம். பாலம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம், அவசரமாகக் கட்டின பாலம் நிற்குமா, அதில் ஜனங்கள் போகிறார்களே என்று பயம் வந்து, அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்புறம் மறுபடி வேண்டிக்கொண்டேன். சாமி இப்போது எதை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று வருஷம் என்பது ஒன்றும் பெரிதில்லை. "கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்கிறார் உன் அப்பா. உன் வயதில் இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். கையெழுத்துப் போட்டுவிடு. நன்றாகச் சாப்பிடு, உயரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே, ஈரத் தலையோடு தூங்காதே. எடுத்த வேலை எல்லாம் கை கூடி வரட்டும், நூறு வயசு நல்லா இரு என்று நானும் உன் அப்பாவும் வாழ்த்துகிறோம். மாடிவீட்டு அக்கா விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: மேலே இருப்பதை உன் அப்பா முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தார். "சரியா இருக்கு, ஒண்ணும் மாத்தாத, அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். போய் வெகு நேரமாகிறது. குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் இப்படி வீணாவதை நான் பார்த்துக்கொண்டு இருப்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு எழுந்து போய்ச் சத்தம் போட மனசு வரவில்லை. அவர் வருவதற்குள் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கையெழுத்துப் போடாதே கண்ணு. வந்துவிடு. சீக்கிரம் பதில் எழுது.