சந்தன வாசத்தில் ஒரு வாழை நோய்

மறுநாள் மதியம் தோட்டக்கலை அதிகாரி தாரணி வரப்போகிறாள். காளியண்ணன் தோட்டத்திலோ நோய் பிடித்த வாழை ஒன்றுகூட இல்லை. அதுதான் சிக்கல்.

"நூத்தி இருவது மரம். ஒண்ணுலயாவது ஒரு புள்ளி இருக்குதா பாரு!" என்று இலை இலையாகப் புரட்டிப் புலம்பினான் காளியண்ணன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நிலைமை வேறு. மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டு வாழைகளையெல்லாம் இலைப்புள்ளி நோய் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்பாகப் புள்ளி விழும், இலை கருகித் தொங்கும், தார் சூம்பும். அப்போதுதான் தாரணி ஜீப்பில் ஒரு கேனோடு வந்து இறங்கினாள். உள்ளே கடற்பாசிச் சாறு. கடலில் விளையும் பாசியிலிருந்து எடுத்தது, தெளித்தால் பூஞ்சணத்தை எதிர்க்க மரத்துக்குத் தெம்பு வரும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை.

"பாதித் தோட்டத்துக்குத்தான் அடிக்கணும். மீதியத் தொடவே கூடாதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் சாறு வேலை செய்யுதான்னு தெரியும். வித்தியாசம் தெரிஞ்சா மலை முழுக்கக் குடுப்பாங்க. தெரியலைன்னா திட்டமே போச்சு."

காளியண்ணன் தலையாட்டினான். கருகின இலைகளை அறுத்துத் தள்ளிவிட்டு, கிழக்குப் பாதிக்கு மட்டும் அடித்தான். புதுக் குருத்துகள் பளபளவென்று வந்தன. மேற்குப் பாதியைப் பார்த்துப் பார்த்து அவன் மனைவி கண்ணாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஒரு புள்ளைக்குச் சோத்தைப் போட்டுட்டு இன்னொண்ணை வேடிக்கை பாக்கச் சொன்னா நல்லாவா இருக்குது?"

"தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லீருக்காங்க."

"தொடாதீங்க. தள்ளி நின்னு அடிங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. தள்ளி நின்று அடித்தான். மேற்கும் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. இப்போது வித்தியாசத்துக்கு எங்கே போவது?

"இதுக்கா இம்புட்டு ரோசனை?" என்றாள் கண்ணாயி. "வரக்காப்பியை விளக்குமாத்துல தொட்டுத் தெளிங்க. அசலாட்டமே இருக்கும்."

மேற்குப் பாதி முழுக்க அப்படியே செய்தான். புள்ளிகள் அருமையாக விழுந்தன. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கிட்டே போனான். செவ்வெறும்பு!

"காப்பியில என்ன போட்டே?"

"எப்பவும் போடற வெல்லந்தானுங்க."

கழுத்திலும் முதுகிலும் கடி வாங்கிக்கொண்டு வரப்பில் குதித்தபடியே அவன் ஓடிவர, மழை பிடித்துக்கொண்டது. எறும்பு போனது. காப்பியும் போனது. அறுபது மரமும் குளித்து முழுகி முன்னைவிட ஆரோக்கியமாக நின்றன.

"மழைக்கு அழியாத புள்ளி வேணும்" என்று தலையைத் துவட்டியவன் கண்ணில், சாமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி பட்டது. ஒன்றை எடுத்துப்போய் ஒரு இலையில் வைத்தான். சுர்ர்ரென்றது. நடுவில் கருப்பு, சுற்றிலும் பழுப்பு.

"அசலே தோத்துப்போச்சு போ!"

கடையில் இருந்த சந்தன ஊதுபத்தி அத்தனையையும் வாங்கிவந்து, புருஷனும் பெண்டாட்டியும் மரம் மரமாகப் புள்ளி வைத்தார்கள். புகை மேலே எழுந்து ஊரையே மூடியது. வாசம் பிடித்து வந்த பக்கத்து வீட்டு ராமாயி, கை நிறைய ஊதுபத்தியோடு கண்ணை மூடி வாழை முன்னால் நிற்கும் காளியண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியது புகை எரிச்சலில். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"சாமி, மரத்துல அம்மன் எறங்கீருச்சுங்களா?"

உண்மையைச் சொன்னால் மேடம் காதுக்குப் போய்விடும்.

"ஆமாங்க" என்றான்.

மறுநாள் மதியம் தாரணி வந்தபோது, மேற்குப் பாதியில் அறுபது மரத்துக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒரு மூலையில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. ராமாயி தலைமையில் பதினைந்து பெண்கள் வாழைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

"காலையில இருந்து சாறு குடுத்த மூணு தோட்டம் பார்த்தாச்சு, மூணுலயும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது" என்று உற்சாகமாக இறங்கிய தாரணி நின்றுவிட்டாள். "இதென்னங்கண்ணா?"

"சாறு அடிக்காத மரமுங்க. சீக்கு. அதான் வேண்டுதல்."

தாரணி ஒரு இலையைக் கிழித்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

"நோய்ல சந்தன வாசம் வருதே?"

"எங்க மலைச் சீக்கு அப்படித்தானுங்க."

அவள் முகம் வெளுத்தது. "இப்படி ஒரு நோயை நான் படிச்சதே இல்லை. புதுசு! பரவுறதுக்குள்ள அறுவதையும் வெட்டி எரிக்கணும். சதீஷ், ஜீப்புல இருக்கிற அருவாளை எடுத்துட்டு வா!"

டிரைவர் சதீஷ்குமார் அரிவாளோடு வந்தான்.

"அம்மனையா வெட்டறீங்க?" என்று பெண்கள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாயி ஓவென்று அழுதாள். காளியண்ணன் ஓடிப்போய்க் குலை தள்ளின மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டான்.

"வெட்டாதீங்க மேடம்! சீக்கெல்லாம் இல்லீங்க. ரெண்டு பக்கமும் சாறு அடிச்சுப்போட்டேன். அது ஊதுபத்திங்க!"

மரத்தடியில் இருந்து ராமாயி எழுந்தாள். காளியண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அம்மன்?"

"எறங்கலீங்க."

"பொங்கல்?"

"அதைச் சாப்பிட்டரலாமுங்க."

தாரணி நோட்டைத் திறந்து காளியண்ணன் பெயரை அழுத்திக் கோடு போட்டு அடித்தாள். "நல்லவேளை, மத்த மூணு பேரும் நேர்மையா இருந்தாங்க. அவங்களாலதான் இந்த மலைக்கே சாறு கெடைக்கப்போகுது. போயி அவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க!"

அவள் விறுவிறுவென்று ஜீப்புக்குப் போனாள். காளியண்ணன் ஊரார் முன்னால் தலை நிமிர முடியாமல் நின்றான். இலையில் பொங்கலோடு மெல்ல அவன் பக்கத்தில் வந்தான் சதீஷ்குமார்.

"ஏனுங்கண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அந்த மூணு தோட்டத்துக்கும் புள்ளி வைக்கப் பேளுக்குறிச்சிச் சந்தையில மருதாணிக் கோன் வாங்கியாந்து குடுத்ததே நாந்தானுங்க!"