அப்பாவின் பம்பில் ஒன்பது இழுப்பு

புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு வரும் தலைக்கனத்துக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. (எனக்குத் தெரியும், நான் மருந்தாளர்.) எனக்கு அந்த வருத்தம் முற்றியது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மயிலிட்டியில் கடற்றொழில். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். ஆகவே நான் லீவில் வந்தால் ஊரிலுள்ள மருந்துச் சரைகள், குளிசை மாத்திரை சுற்றிய காகிதப் பொட்டலங்கள், எல்லாம் எங்கள் வாசல் படலைக்கு வரும். கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லுவேன். கேட்காதவர்களுக்கு இன்னும் நீளமாகச் சொல்லுவேன்.

காதே கொடுக்காத ஒரே ஆள் அப்பா. அவருக்குத் தொய்வு, ஆஸ்துமா. கிளினிக்கில் கொடுத்த, வாயில் வைத்து மருந்தை இழுக்கும் நீலநிற பம்ப் பெட்டி உடைக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் கிடந்தது. "அது பழகினால் விடேலாது. நெஞ்சையும் பழுதாக்கிப் போடும்" என்பார், இரைக்க இரைக்க. அந்த மாரியில் வலை இழுக்கும்போது மூச்சு முட்டி, கூடப்போனவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தரம் கரை வந்து சேருவாரோ என்று அம்மா சோறு சாப்பிடாமல் இருந்தாள்.

அப்போதுதான் சனசமூக நிலையத்தில் மருந்துகள் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். சாமிப்படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பம்பை எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். நான் பேசப்போனது கடைசி வரிசையில், வாசலோடு, ஓடுவதற்கு வசதியாக இருந்த அப்பாவுக்கு.

"பிரஷர் எண்டால் என்ன? எங்கடை வள்ளத்து எஞ்சினை நினையுங்கோ!" என்று தொடங்கினேன். "ஒரு குளிசை உடம்பிலை கூடின உப்பையும் தண்ணியையும் சலத்தோடை, மூத்திரத்தோடை இறைச்சு விடும். இன்னொண்டு இரத்தம் ஓடுற பைப்பை அகலமாக்கும். மூண்டாவது எஞ்சின்ரை வேகத்தைக் குறைக்கும்."

"எனக்கு மூண்டும் தந்திருக்கினம், பிள்ளை!" பக்கத்து வீட்டுப் பூமணி மாமி தன் பையைத் தூக்கிக் காட்டினா.

"உங்களுக்கு முழுச் சேர்விஸ், மாமி!"

சபை சிரித்தது. என் தலை கூரையில் முட்டியது.

அடுத்து பம்ப். "தொய்வு வந்தால் மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசை இறுகும். இந்த மருந்து அதை இளக்கும். நேரை நெஞ்சுக்குள்ளை போகும், வேறை எங்கையும் போகாது. ஒரு பயமும் இல்லை. பாருங்கோ!" குலுக்கினேன். மூச்சை வெளியே விட்டேன். வாயில் வைத்து அமத்தி, மெல்ல உள்ளே இழுத்து, பத்து எண்ணினேன். கைதட்டல்!

எங்கள் ஊரில் நாலு மணிக்குக் கூட்டம் என்றால் நாலரைக்குத்தான் சனம் வரத் தொடங்கும்.

"பிள்ளை, நான் காணேல்லை, இன்னொருக்கா." இழுத்தேன். "நான் இப்பதான் வந்தனான்." இழுத்தேன். பிந்தி வந்த இன்னும் மூன்று பேருக்கு ஒவ்வொரு தரம் இழுத்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவருக்கும் இழுத்தேன். ஒரு அண்ணை போனைத் தூக்கினார்: "தங்கச்சி, வீடியோ விழேல்லை. கனடாவுக்கு அனுப்போணும்." கனடாவுக்காக இரண்டு தரம் இழுத்தேன். மொத்தம் ஒன்பது.

கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று என் பாடக் கொப்பியின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நான் சபைக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பை சொன்னது. என் கையில் அது தட்டோடு சேர்ந்து தாளம் போட்டது. நெஞ்சுக்குள் முழு வேகத்தில் வள்ளம் ஓடியது. நான் மெல்ல நிலத்தில் இருந்தேன்.

"பிள்ளைக்கு எஞ்சின் பிச்சுக்கொண்டு ஓடுது!" மாமி பையைத் திறந்தா. "இந்தா, வேகம் குறைக்கிற குளிசை. நீதானே சொன்னனீ!"

(என் பேச்சை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.) அதற்குள் இன்னும் மூன்று பேர் சரையைப் பிரித்துவிட்டார்கள்.

"ஐயோ வேண்டாம்! அந்தக் குளிசை பம்புக்கு நேர் எதிர். பம்ப் திறக்கிற மூச்சுக்குழாயை அது இறுக்கும். ஒராளின்ரை மருந்தை மற்ற ஆள் போடக்கூடாது!"

அப்போது கதிரைகள் சரியும் சத்தம். அப்பா. "நான் சொன்னனான்! நான் அப்பவே சொன்ன..." அதோடு சத்தம் நின்றுவிட்டது. எனக்கு என்னவோ என்ற பயத்தில் ஓடிவந்தவருக்கு மூச்சு முட்டிவிட்டது. மேசையைப் பிடித்துக் குனிந்தபடி நின்றார். நெஞ்சு விசிலடித்தது.

நான் நிலத்தில் இருந்தபடியே பம்பை நீட்டினேன். அது என் கையில் துள்ளியது. "அப்பா, என்ரை நடுக்கம் கொஞ்சத்தாலை போயிடும். உங்கடை மூச்சு போனால் வராது."

பம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கித் துடைத்துக் குலுக்கினார். மூச்சை வெளியே விட்டு, அமத்தி, மெல்ல இழுத்து, மற்றக் கை விரலால் பத்து எண்ணினார். ஒரு பிழை இல்லை! கடைசி வரிசையிலிருந்து ஒன்பது தரமும் பார்த்திருக்கிறார். கொஞ்சம் பொறுத்து இன்னுமொரு தரம் இழுத்தார். விசில் மெல்ல மெல்ல அடங்கியது.

"ம்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பட்டம் அதுதான்.

இப்போது அப்பா பம்பைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார். கிளினிக்குக்கும் தவறாமல் போகிறார். "ரெண்டு இழுப்பு இழுங்கோ" என்று யாருக்காவது சொன்னால், "டொக்டர் சொன்ன ரெண்டோ, பிள்ளை காட்டின ரெண்டோ?" என்று கேட்டுச் சிரிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

நான் வீட்டில் நிற்கும்போது அப்பா பம்ப் இழுத்தால், கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பார், நடுங்குதோ? உனக்குப் படிப்பு இருக்கு, பிள்ளை. ஆனால் பம்ப் இழுக்கத் தெரியாது."