கசிவுத் தடுப்பு உபகமிட்டி

மனித நாகரிகம் குழாயில் தொடங்கி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முழுமை பெற்றது. அடக்கத்தோடுதான் சொல்கிறேன், அதன் இணைச் செயலாளர் நான்.

மாடி வராந்தாவில் ஓடும் பொதுக்குழாயின் மூட்டு ஒன்று ஒழுகியது. நேர் கீழே தையல்காரம்மாவின் அறை. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய நாற்பது பள்ளிச் சீருடைகள் அங்கேதான் இருந்தன. அவற்றின்மேல் தண்ணீர் சொட்டுவதை அவர் சற்று உரத்த குரலில் தெரிவித்தார்.

பிளம்பர் வந்து பார்த்தார். "மரையில டேப் சுத்தி முறுக்கினா போதும் சார். சின்ன வேலை."

சங்கத்தின் பிரச்சினையைச் 'சின்ன வேலை' என்பவரை எப்படி நம்புவது? அவரை அனுப்பிவிட்டு 'கசிவுத் தடுப்பு உபகமிட்டி' அமைத்தோம். தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி. குழாய் இருக்கும் பக்கம் போகாமலே நோயைக் கண்டுபிடித்தார்.

"எல்லாம் உராய்வுதான்யா. வழவழன்னு இருந்தா ஏன் ஒழுகப்போவுது?"

"கிரீஸ் போடலாமா சார்?" என்றேன் நான்.

"தாராளமா."

தலைவரின் ஸ்கூட்டருக்கு வாங்கிய கிரீஸை மரை முழுக்க அப்பினோம். அதுவரை வெறும் தண்ணீராகச் சொட்டியது, அதன்பிறகு கறுப்பாகச் சொட்டியது. இந்த முன்னேற்றத்தை நானே குறிப்பேட்டில் பதிந்தேன். இரண்டு சட்டைக் காலர்கள் பாழாயின.

ஞாயிறு காலை, தையல்காரம்மா முக்காலியோடு மேலே வந்தார். வால்வை மூடினார், மூட்டைக் கழற்றினார், கந்தல் துணியால் கிரீஸைத் துடைத்தார். வெள்ளை டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"அனுமதி வாங்கினீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தினமும் பாபின்ல நூல் சுத்துறவ சார் நானு. இதுக்கு எதுக்கு அனுமதி? தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஒழுகல் அடியோடு நின்றது. சங்கம் ஆடிப்போய்விட்டது. உடனே அவசரக் கூட்டம்.

"நின்னது சரி," என்றார் தலைவர். "எந்தத் தீர்மானப்படி நின்னுச்சு?"

குறிப்பேட்டைப் புரட்டினேன்; அப்படி ஒரு தீர்மானம் இல்லை. 'அனுமதியற்ற' டேப்பை அகற்றி, விசாரணை முடியும்வரை மூட்டைப் பழைய நிலையிலேயே வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். டேப்பைப் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு இழைகூட விடாமல் பிரித்தேன். மறுபடி கிரீஸும் தடவினேன். ஒழுகல் நின்றதென்று நம்பித் தையல்காரம்மா தூங்கிய அந்த இரவில், நாற்பது சீருடைகளும் கறுத்துப்போயின.

திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகள் சீருடை இல்லாமல் பள்ளி வாசலில் நின்றார்கள். தையல்காரம்மா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு இன்னும் தீர்மானம் நிறைவேறவில்லை.