மின்னல் அட்மினும் புதரிலிருந்து வந்த புகாரும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, டவர் இருந்தது. அதனால் ராஜா இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. கை உள்ளவர்கள் செல்போனைக் கையில் வைத்திருந்தார்கள். கை இல்லாதவர்கள் வாலில் சுற்றிக்கொண்டார்கள்.

எந்தக் குட்டையில் தண்ணீர் கிடக்கிறது, எந்த மரம் பழுத்திருக்கிறது, சிறுத்தை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக அந்தக் காட்டு ஜீவராசிகள் 'வனவாய்' என்று ஓர் இணைய மன்றம் ஆரம்பித்தன. முகப்பில் 'எல்லோருக்குமான மன்றம்' என்று பெரிதாக எழுதியும் விட்டார்கள். அதைப் படித்துவிட்டுச் சிறுத்தையும் வந்து சேர்ந்துகொண்டது. எழுதியதை எப்படி மாற்றுவது? விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு மயில் தன் ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட, காகம் அதன் கீழே "வயிற்றுவலியா?" என்று கேட்டது. அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை. புகார்களைப் பார்த்துத் தீர்த்துவைக்க ஒருவர் வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பதவிக்கு மட்டுறுத்துநர் என்று பெயர். பாதிப் பேருக்கு அது வாயில் நுழையாததால் அட்மின் என்றே வைத்துக்கொண்டார்கள்.

"யார் அட்மினாக இருப்பது?" என்ற கேள்வி வந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சிக்னல் போய்விட்டது. மேட்டுப்பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு அங்கம்மாளுக்கு மட்டும் சிக்னல் இருந்தது. "உடும்பு பிடிச்சா விடாது, அக்காதான் சரி" என்று பாராட்டிப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். சம்பளம் கிடையாது. கும்பிடு போடும் கைப் படம் உண்டு.

அங்கம்மாள் நிதானி. காலையில் வெயில் காய்வாள். நாலு வண்டு பிடித்துத் தின்பாள். இன்னொரு தடவை வெயில் காய்வாள். அப்புறம்தான் புகாரைத் திறப்பாள். அதற்குள் முக்கால்வாசிப் புகார் தானே ஆறியிருக்கும். மயில் விஷயத்தை அவள் எடுத்துப் பார்த்தபோது மயிலும் காகமும் ஒரே கிளையில் உட்கார்ந்து குரங்கைத் திட்டிக்கொண்டிருந்தன.

இந்த ஏற்பாடு கைலாசத்துக்குப் பிடிக்கவில்லை. கைலாசம் ஒரு நரி. தானே மெட்டமைத்த ஊளை ஒன்றை அவன் மன்றத்தில் போட்டான். யாரோ கீழே கொட்டாவி விடும் படத்தைப் போட்டுவிட்டார்கள். உடனே புகார் கொடுத்தான். அங்கம்மாள் வண்டு தின்றுவிட்டு வருவதற்குள் காடே அந்தக் கொட்டாவியைப் பார்த்துச் சிரித்து முடித்திருந்தது. கைலாசம் பொதுவில் எழுதினான்:

"பசிக்கும்போது சோறு போடாமல் செத்தபிறகு பிண்டம் வைக்கிறார் நம் அட்மின். இது நியாயமா?"

"தம்பி, இது நான் சும்மா செய்யிற வேலை. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் அங்கம்மாள்.

"சும்மா செய்யிறவங்க சும்மா இருந்திருக்கணும். பொறுப்புன்னு ஏத்துக்கிட்டா உடனே செய்யணும்" என்றான் கைலாசம்.

அப்போது சிறுத்தை ரத்தினவேல் எழுதினார். மன்றத்திலேயே மரியாதை தெரிந்தவர் அவர்தான், ஒற்றுப்பிழைகூட விடமாட்டார். "கைலாசம் அவர்கள் கூறியதை வழிமொழிகிறேன். அக்கா அவர்களின் சேவை மகத்தானது. விரைவாகவும் நடந்தால் இன்னும் மகத்தானதாக இருக்கும்."

கட்டைவிரல் படங்கள் விழுந்தன. படித்தவர்களும் போட்டார்கள், படிக்காதவர்களும் போட்டார்கள். யானை தும்பிக்கையால் அழுத்தியதில் கொத்தாக விழுந்தது. புகார் வந்த மூச்சு அடங்குவதற்குள் பதில் வரவேண்டும் என்று விதி எழுதப்பட்டது.

அங்கம்மாள் போங்கடா என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் உடும்புக் குலத்தில் விடுவது என்பது கெட்ட வார்த்தை. அதுவும் போக, 'சேவை மகத்தானது' என்று அவளிடம் இதற்கு முன் யாரும் சொன்னதே இல்லை. அதை அவள் இரண்டு மூன்று தடவை எடுத்து எடுத்துப் படித்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதில் சீக்கிரம் வருகிறது என்று தெரிந்ததும் புகார் பெருத்தது. தான் அனுப்பிய காலை வணக்கத்தைப் பார்த்தும் முயல் பதில் வணக்கம் சொல்லவில்லை என்று அணில் புகார் கொடுத்தது. காலை வணக்கம் என்பதே தன் இனத்தை அவமதிக்கும் சொல் என்று ஆந்தை கொடுத்தது. 'உங்கள் புகார் கிடைத்தது' என்று அங்கம்மாள் எழுதியதில் அன்பு போதவில்லை என்று கரடி கொடுத்தது. படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் மூச்சு அடங்கிவிடும். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: புகார் கொடுத்தவர் சொல்வதே சரி. யார் மேல் புகாரோ, அவர் பதிவைத் தூக்கு; மன்றத்தில் எழுத முடியாதபடி அவர் வாயைக் கட்டு.

காடே கொண்டாடியது. 'மின்னல் அட்மின்' என்று பட்டம் கொடுத்தார்கள். வண்டு பிடிக்க நேரமில்லாமல் அவள் வால் கயிறாக வற்றியது. ஆனாலும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஒரு நாள் மத்தியானம் மருதை ஒரு பதிவு போட்டான். மருதை ஒரு கேளையாடு. நாய் மாதிரிக் குரைத்து ஆபத்தைச் சொல்லும் சின்ன மான் ஜாதி.

"ஓடைப் பக்கம் யாரும் வராதீங்க! புதர்ல சிறுத்தை! ஓடுங்க! ஓடுங்க! ஓடுங்க!!!"

அது போன சூட்டோடு ஒரு புகார் வந்தது.

"மதிப்பிற்குரிய அட்மின் அவர்களுக்கு, வணக்கம். மேற்கண்ட பதிவில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆச்சரியக்குறிகள் வரம்பு மீறியுள்ளன. தனிநபர் ஒருவரின் இருப்பிடம் அவருடைய அனுமதி இன்றி வெளியிடப்பட்டுள்ளது. மன்றத்தின் அமைதி கருதி ஆவன செய்யவும். இப்படிக்கு, புதரிலிருந்து, ரத்தினவேல்."

அங்கம்மாள் 'ஆவன செய்யவும்' என்பதை மட்டும் பார்த்தாள். பதிவு போயிற்று. மருதையின் வாயும் கட்டப்பட்டது.

"நீக்கப்பட்டது. நன்றி."

"அடடா, என்ன வேகம்! சேவை தொடரட்டும்" என்றார் ரத்தினவேல்.

மருதை அவளுக்குத் தனியாக எழுதினான்: "அக்கா, ஏன் எடுத்தீங்க? திரும்பப் போடுங்க. இங்கேயே நிக்கிறேன்." மின்னல் அட்மினாயிற்றே, உடனே பதில் வரும் என்று நம்பி அவன் ஓடாமல் நின்றான்; திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கம்மாள் அதைத் திறக்கப் போனாள். அதற்குள் அணிலின் அடுத்த புகார் மேலே வந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் காகம் பறந்து வந்து பாறையில் உட்கார்ந்தது. மன்றத்தில் எழுதாமல் நேரில் வந்திருந்தது.

"அக்கா, மருதை போயிட்டான்."

"எங்கே போனான்?"

காகம் ஓடைப் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டிற்று.

"ஓடியிருக்கலாமே காக்கா? நாலு கால் இருக்கே அவனுக்கு!"

"போனைப் பார்த்துக்கிட்டே நின்னான் அக்கா. நான் கத்தினேன். 'இரு, அக்கா பதில் போடுவாங்க'ன்னான்."

அங்கம்மாள் அப்போதுதான் அவன் எழுதியதைத் திறந்து படித்தாள். பாறை சுட்டது. அவளுக்கு அது உறைக்கவில்லை. புகார்கள் சிணுங்கிக்கொண்டே இருந்தன. அன்று அவள் எதற்கும் பதில் போடவில்லை. கடைசியில் மன்றத்தில் எழுதினாள்: "மருதை செத்ததுக்கு நான்தான் காரணம். படிக்காம தூக்கிட்டேன்."

கண்ணீர்ப் படங்கள் நிறைய விழுந்தன. அவற்றுக்கு நடுவே கைலாசம் எழுதினான்: "வருத்தமான செய்தி. ஆனால் நடைமுறையில் குறை இல்லை. புகார் கொடுத்த ரத்தினவேல் ஐயா திருப்தி தெரிவித்திருக்கிறார். மருதை அதிருப்தி எதையும் பொதுவில் தெரிவிக்கவில்லை."

மருதையின் வாயைக் கட்டியது யார் என்று அங்கம்மாள் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்? பாறை இடுக்குக்குள் போய்ப் படுத்து யோசித்தாள். மறுநாள் வெளியே வந்து புதிய விதி ஒன்றைப் போட்டாள்: 'இனிப் புகார்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்படும். ஒவ்வொன்றும் முழுதாகப் படிக்கப்படும். புகார் கொடுத்தவர் தாமே திருப்தி என்று எழுதிய பிறகே அடுத்த புகார்.'

"முறைன்னா இதுதான் முறை!" என்று முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டான் கைலாசம்.

வரிசையில் முதலில் நின்ற புகார், 'திரும்பப் போடுங்க' என்று மருதை எழுதியது.

அதற்குப் பிறகு அந்த மன்றத்தில் ஒரு பதிவும் நீக்கப்படவில்லை. சிறுத்தை ஓடையில் இருந்தால் 'ஓடை!' என்று அலறினார்கள். மூங்கில் பக்கம் போனால் 'மூங்கில்!' என்று அலறினார்கள். ஆச்சரியக்குறிகள் மழையாகக் கொட்டின. ரத்தினவேல் ஒவ்வொன்றுக்கும் பிழையில்லாமல் புகார் எழுதினார். ஒவ்வொன்றும் போய் வரிசையில் நின்றது. அவர் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் பாறைக்கு நேரிலேயே வந்துவிட்டார். அங்கம்மாள் சட்டென்று இடுக்குக்குள் புகுந்து உடம்பை உப்பிக்கொண்டாள். அப்புறம் அவளை யாராலும் உருவ முடியாது.

"அக்கா, வணக்கம். என் புகார்கள் என்ன ஆயின?"

"வரிசையில இருக்குங்க."

"நான் பட்டினி அக்கா. அவசரம் பார்த்து எடுக்கக் கூடாதா?"

"எடுத்துடலாம். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காரு. அவரு திருப்தின்னு ஒரு வார்த்தை எழுதிட்டா அடுத்தது உங்களுதுதான்."

"யார் அவர்?"

"மருதை."

ரத்தினவேல் குரலை இறக்கி, "அவர் எப்போது வந்து எழுதுவார்?" என்று கேட்டார்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அங்கம்மாள். "கடைசியா அவரு உங்ககூடத்தானே போனாரு."

ரத்தினவேல் அன்றே அந்தக் காட்டை விட்டுப் போய்விட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மன்றம் இருக்கிறதாம், அங்கே அட்மின் ரொம்பச் சுறுசுறுப்பாம். அங்கம்மாள் இடுக்கிலிருந்து வெளியே வந்தாள். புகார்கள் சிணுங்கின. அவள் நாலு வண்டு பிடித்துத் தின்றுவிட்டு, வெயிலில் கால் நீட்டிப் படுத்தாள்.

நீதி: சம்பளம் இல்லாதவர் மின்னலாய் ஓடினால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று அறிக. ஆகவே எந்தப் புகாரையும் சாப்பாட்டு வேளை கழியும்வரை ஊறப்போடுக.