சாவி சார் மதிப்பிட்ட பஸ்

உலகத்துப் பெருநகரங்களெல்லாம் காலகாலமாக விடை தெரியாமல் திண்டாடிய ஒரு கேள்விக்கு, மும்பையில், செம்பூரில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், தட்டிலிருந்த சமோசா ஆறுவதற்குள் விடை கண்டுபிடிக்கப்பட்டது. 'ஒரு பஸ்ஸின் மதிப்பு என்ன?' என்பதே அந்தக் கேள்வி. கண்டுபிடித்த பெருமை 'மாநகரப் பயண மதிப்பீட்டு மைய'த்தைச் சேரும். மையத்துக்குள் அந்தப் பெருமை துணை இயக்குநர் திருவேங்கடத்தைச் சேரும். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

திருவேங்கடம் மாட்டுங்காவாசி. பதவி உயர்வு வந்த கையோடு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். துணை இயக்குநர் காரில் வந்துபோவதற்காக மையம் மாதாமாதம் 'வாகனப் படி' என்று ஒன்று கொடுத்தது. மும்பையில் கார் வாங்குவது பெரிய காரியமில்லை. அதை நிறுத்த இடம் கிடைப்பதற்குத்தான் பூர்வ புண்ணியம் வேண்டும். இடம் பிடிப்பதில் திருவேங்கடத்துக்கு இணை கிடையாது. அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசலிலேயே, கேட்டை ஒட்டி, கச்சிதமாக ஒரு கார் அளவுக்கு இடம் பிடித்துவிட்டார்.

வாங்கிய புதிதில் சயானில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவர் இடத்தில் வேறொரு கார் ஜம்மென்று நின்றிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வடாலாவில் ஒரு குப்பைத்தொட்டி ஓரம் காரை விட்டுவிட்டுப் பட்டு வேட்டியோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். அந்த வேற்றுக் கார் கிளம்பும்வரை பால்கனியில் காவல் இருந்து இடத்தை மீட்டார். அன்றைக்கே சபதம் செய்தார்: இனி இந்தக் கார் இந்த இடத்தை விட்டு நகராது.

நகரவில்லை. தினமும் காலையில் காரைத் துடைப்பார். உள்ளே உட்கார்ந்து, பாட்டரி செத்துப்போகாமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டுச் செய்தி கேட்பார். பிறகு எஞ்சினை நிறுத்தி, கதவைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார்.

"ஏன்னா, ஊர்ல எல்லாரும் கார்ல போயிட்டு வரா. நாம மட்டும்தான் கார்கிட்ட போயிட்டு வரோம்," என்பாள் மனைவி அகிலாண்டம்.

"உனக்குத் தெரியாது. எடம் போனா வராது. கார் போனா வேற வாங்கிக்கலாம்."

ஆபீசுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவார். அங்கிருந்து நடந்து, கார்கள் நிற்கும் பக்கமாகச் சுற்றி வந்து, ஆள்காட்டி விரலில் கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே நுழைவார். "சயான்ல ஒரே டிராஃபிக்" என்று வாட்ச்மேனிடம் அலுத்துக்கொள்வார். அதில் பொய்யில்லை. பஸ்ஸும் அதே டிராஃபிக்கில்தான் வந்தது.

அவர் ஏறிய பஸ் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கிளம்பி, கிங்ஸ் சர்க்கிள், சயான் வழியாகச் செம்பூர் போவது. அவர் ஏறும் கிங்ஸ் சர்க்கிளுக்கு வருவதற்குள் நிற்கவே இடமிருக்காது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஏறுகிறவர்கள் பின்னால் ஏறப்போகிற தெரிந்தவர்களுக்குப் பையை வைத்து இடம் போட்டுவிடுவார்கள். யாரும் சண்டைக்கு வருவதில்லை. இன்றைக்கு நின்றுகொண்டு போகிறவருக்கு நாளைக்கு யாராவது போட்டு வைப்பார்கள்.

திருவேங்கடத்துக்கு இடம் போட்டு வைத்தவள் ஏஞ்சலம்மாள். தாராவிக்காரி; பஸ் கிளம்பும் லேபர் கேம்ப்பிலேயே ஏறிவிடுவாள். பூர்வீகம் திசையன்விளைப் பக்கம். செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமின் சமையற்கட்டில் வேலை. நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி அவள் கையால்தான். மழைக்காலத்தில் ஒருநாள் இந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தடவுவதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு முன் சீட்டில் அவளுடைய துணிப்பை உட்கார்ந்து வந்தது. அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. கையில் சாவி சுழல்வதால் பஸ் முழுவதும் அவரைச் 'சாவி சார்' என்றே அழைத்தது. கார் எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அது அவர்களுடைய நாகரிகம்.

இந்த நிலையில்தான், லேபர் கேம்ப் பஸ் நஷ்டத்தில் ஓடுகிறதே, அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பஸ் நிர்வாகம் மையத்தைக் கேட்டது. மையத்தின் இயக்குநர் வந்தனா மராட்டியர். மாட்டுங்காவிலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளம்.

"திருவேங்கடம்ஜி, பஸ் ஓட்டற செலவு நமக்குத் தெரியும். டிக்கெட்ல வர்றதும் தெரியும். நடுவுல பெரிய பள்ளம். அதை அடைக்கற அளவுக்கு பஸ்ஸுக்கு மதிப்பு இருக்கா? அதான் கேள்வி."

"மதிப்பை எப்படி அளக்கறது மேடம்?"

"சிம்பிள். பஸ் ஜனங்களோட நேரத்தை மிச்சம் பண்றது. அவங்க சம்பளம் என்னவோ அதுதான் அவங்க நேரத்தோட மதிப்பு. சம்பளம் கம்மின்னா நேரமும் சீப்."

"சம்பளமே இல்லாதவா?"

"அவங்களுக்கு நேரமே கிடையாது."

இந்த எளிமையை வியக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நேரம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவருக்கு நேரம் இல்லை. பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்கு ஏதோ கொஞ்சம் உண்டு. இத்தனை மலிவான நேரத்தை மிச்சம்பிடிக்க இவ்வளவு பெரிய வண்டியா என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்!

"ஆனா ஒண்ணு," என்றார் வந்தனா. "அந்த பஸ்ல தினமும் ஒரே ஒரு சீனியர் ஆபீசர் போனாக்கூடப் போதும். அவர் நேரம் அவ்வளவு காஸ்ட்லி. பள்ளம் அடைஞ்சிடும். பஸ் பிழைச்சிடும். ரிப்போர்ட்ல போட அவர் பேரும் பதவியும் வேணும், அவ்வளவுதான். அப்படி யாராவது போறாங்களா?"

திருவேங்கடத்தின் விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றது. அந்தப் பஸ்ஸின் உயிர் ஒரு வாக்கியத்தில் இருந்தது. 'நான்தான் போகிறேன்' என்ற வாக்கியம். அதைச் சொன்னால் பஸ் பிழைக்கும். வாகனப் படி போகும். இத்தனை காலமும் சுழன்ற சாவியைப் பற்றி ஆபீசே சிரிக்கும்.

"விசாரிக்கறேன் மேடம்," என்றார்.

"விசாரிக்கறது என்ன? நாளைக்கு நானும் வரேன். ஃபீல்டு ஸ்டடி. உங்களுக்கு பஸ்ல ஏறத் தெரியுமா?"

"படிச்சிருக்கேன் மேடம்."

மறுநாள் காலை, இயக்குநரும் துணை இயக்குநரும் கிங்ஸ் சர்க்கிளில் வரலாற்றுச் சிறப்புமிக்க முறையில் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் ஷகீல் கதவோரம் நின்றிருந்தார். "ஆயியே சாவி சார்! ஆகே படோ, ஆகே படோ!" என்று வரவேற்று முன்னால் நகரச் சொன்னார்.

"யாரைச் 'சாவி சார்'னு கூப்பிடறார் இவர்?" என்றார் வந்தனா.

"பொதுவா எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவா போலிருக்கு."

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஏஞ்சலம்மாளின் குரல் வந்தது. "வாங்க சார், எடம் போட்டு வச்சிருக்கேன். நேத்து முட்டி நோவுதுன்னிய, எண்ண தேச்சியளா?"

வந்தனா புருவத்தை உயர்த்தித் திருவேங்கடத்தைப் பார்த்தார். திருவேங்கடம் ஏஞ்சலம்மாளைப் பார்த்தார். பிறகு, மதிப்பீட்டுத் துறையின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யாரும்மா நீங்க?"

ஏஞ்சலம்மாளின் முகம் சுருங்கியது. அவரையும், அவர் கழுத்தில் வியர்வை ஓடுவதையும், பக்கத்தில் நின்ற அம்மாளையும் ஒரு கணம் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆபீசில் பயந்து பிழைக்கிறவர்களை அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"தெரியாம கூப்பிட்டுட்டேன் சார். இது வேற ஆளுல்லா. எங்க சாருக்கு முட்டுவலி. இவிய நல்லாத்தான நிக்காவ."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க ஒக்காருங்கம்மா" என்றாள். வந்தனா உட்கார்ந்தார். அவர்களுடைய நாகரிகம் இப்படியாகத் திருவேங்கடத்தைக் காப்பாற்றியது. எனக்கு இந்த இடத்தில் அவர் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருக்கிறது. ஆனால் புகழ்வதாகத் தொடங்கிவிட்டேன், தொடர்கிறேன். நல்ல முழங்காலும் கெட்ட முழங்காலும் ஒன்றே என்ற சமத்துவத்துடன் அவர் செம்பூர்வரை நின்றுகொண்டே வந்தார்.

வந்தனா பின்னால் திரும்பி ஆய்வைத் தொடங்கினார். "இந்த பஸ் நின்னுட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு என்னம்மா நஷ்டம்? நடந்துருவேன். கஞ்சிதான் லேட்டாவும். மருந்து திங்கதுக்கு முந்தி கஞ்சி குடுக்கணும்லா. பத்து கட்டிலும் வாயத் தொறந்துட்டுக் கெடக்கும்."

"அது உங்க நேரம் இல்லையே. நோயாளிகளோட நேரம்."

"ஆமாம்மா."

"நோயாளிகள் வேலைக்குப் போறதில்லை," என்று வந்தனா துணை இயக்குநர் பக்கம் திரும்பினார். "ஸீரோ போட்டுக்கோங்க."

திருவேங்கடம் கம்பியைப் பிடித்தபடியே போட்டுக்கொண்டார்.

அன்று ஆபீசில் இரண்டாவது சமோசா வருவதற்குள் கூட்டம் முடிவுக்கு வந்தது. "கடைசியாக் கேக்கறேன். அந்த பஸ்ல தினமும் போற ஆபீசர் ஒருத்தராவது உண்டா?" என்றார் வந்தனா. திருவேங்கடம் வாயைத் திறந்தார். மேசை மேல் இருந்த சாவியைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லை மேடம்," என்றார்.

பஸ் நின்றது. அடுத்த வாரமே ஸ்டாப்பில் இருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மலிவான நேரத்துக்காகப் பணம் விரயமாகாமல் காத்ததற்காக மையத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. திருவேங்கடத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு வந்தனா புன்னகையோடு அவரை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்க் கீழே காட்டினார். ஆபீஸ் வளாகத்தில், வேப்பமர நிழலில், மஞ்சள் கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுவரில் அவர் பெயர் எழுதியிருந்தது.

"உங்க காருக்கு. இனிமே இங்கேயும் அங்கேயும் தேட வேண்டாம். நாளையிலேருந்து தினமும் என் ரூம்லேருந்து உங்க காரைப் பார்க்கணும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

வீட்டில் இந்த விருதைப் பற்றிக் கேட்ட அகிலாண்டம் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "அங்க எடம் குடுத்திருக்கா சரி. சாயங்காலம் இங்க வந்து எங்க வெப்பேள்? தலைமேலயா?"

"நான் கெளம்பினதும் எடத்துல ரெண்டு பூந்தொட்டி வெச்சுடு."

"தொட்டியை நகத்திட்டு நிறுத்துவா."

"அப்ப நாற்காலியைப் போட்டு நீ உக்காந்துக்கோ."

"சாயங்காலம் வரைக்குமா?"

மறுநாள் காலை, அவர் சபதத்தை மீறி, கார் நகர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலியும் கையுமாக அகிலாண்டம் படியிறங்கிக்கொண்டிருக்கும்போதே, தெருமுனையில் காத்திருந்த ஒரு நீலக் கார் அந்த இடத்தில் நுழைந்துவிட்டதைத் திருவேங்கடம் கண்ணாடியில் பார்த்தார். திரும்பிப் போக வழியில்லை. பின்னால் வரிசையாகக் கார்கள்.

சயானில் எல்லாம் நின்றுவிட்டது. பஸ்ஸில் போனவர்களில் கையில் காசிருந்தவர்களெல்லாம் ஆட்டோவிலும் டாக்ஸியிலும் ஸ்கூட்டரிலுமாகப் பிரிந்து அதே சாலைக்கு வந்திருந்தார்கள். ஒரு பஸ்ஸுக்குள் அடங்கியிருந்த கூட்டம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பரந்து கிடந்தது. மையத்தின் முறைப்படி பார்த்தால் அந்நேரம் மும்பையிலேயே மதிப்பு மிகுந்த இடம் அதுதான். காருக்கு ஓர் அதிகாரி வீதம் அத்தனை விலையுயர்ந்த நேரமும் அங்கே குவிந்து, ஏ.சி. போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றது. மலிவான நேரம் நடைபாதையில் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

அதில் ஒரு துணிப்பையைத் திருவேங்கடம் அடையாளம் கண்டுகொண்டார். அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார். "ஏஞ்சலம்மா! ஏஞ்சலம்மா! ஏறுங்கோ, நானும் செம்பூர்தான் போறேன்."

அவள் நின்றாள். முகம் வேர்த்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். "எம் பேரு தெரியுமா சார் ஒங்களுக்கு?"

பின் சீட்டு முழுவதும் காலி. முன்னால் அவர் பக்கத்துச் சீட்டில் அவருடைய ஆபீஸ் பை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"இந்த எடம் ஆருக்குப் போட்டு வச்சிருக்கிய?"

பையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான். உக்காருங்கோ."

ஏஞ்சலம்மாள் முன்னால் நீண்டு கிடந்த கார்களைப் பார்த்தாள். "இதுல ஏறுனா கஞ்சி மத்தியானம்தான் சார் வேவும். நா நடந்துருதேன்." இரண்டடி போனவள் திரும்பினாள். "முட்டி இப்ப எப்பிடி இருக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்த விலையுயர்ந்த நேரம் முழுவதும் சேர்ந்து ஹாரன் அடித்தது. முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விழுந்திருந்தது. பக்கத்து ஆட்டோ மூக்கை நுழைப்பதற்குள் திருவேங்கடம் சட்டென்று முன்னேறி அதைப் பிடித்துவிட்டார். நாம்தான் முதலிலேயே சொன்னோமே, இடம் பிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. இன்னொருவருக்கு இடம் போட்டு வைக்கத்தான், அத்தனை நாள் அந்தப் பஸ்ஸில் போயும், அவர் கற்றுக்கொள்ளவில்லை.