அகல டயர் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனேன்

கூச்சக்காரர்கள் வாயால் சொல்ல முடியாததைப் பொருளால் சொல்லப் பார்ப்பார்கள். ஒருவன் மோதிரம் போடுவான், இன்னொருவன் மீசையை முறுக்குவான். எனக்கு மோதிரத்துக்கு வழியில்லை, மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது.

உலகச் சண்டை முடிந்த புதிது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களிடம் லுங்கி மூட்டை வாங்கித் திருத்தணி ரயிலடியில் சேர்ப்பது என் பிழைப்பு. வழியெல்லாம் மணல், இல்லாவிட்டால் ஜல்லி. சண்டைக் காலத்தில் புது டயர் கிடைக்காததால் பழையதையே தைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். (செருப்புத் தைப்பவர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஊசியை எடுத்துவிடுவார்.)

நகரியில் இருந்த பாவா, அதாவது என் அக்காள் வீட்டுக்காரர், பட்டணம் போய் வந்தபோது இரண்டு டயர் கொண்டுவந்து கொடுத்தார். ராணுவம் கழித்துப் போட்ட சாமானாம். வட்டம் என் சக்கரத்துக்குச் சரியாக இருந்தது. அகலம்தான் நான் கண்டறியாதது. என் பழைய டயர் புடலங்காய் என்றால் இது சுரைக்காய்.

சைக்கிள் கடைக் கண்ணையன் அதைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“டயரு போவும். மட்காடு போவாது. ரெண்டுல எது வோணும், சொல்லு.”

யோசிக்காமல் டயர் என்றேன். இரண்டு மட்கார்டையும் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டான். டயருக்கும் மேலே இருந்த இரும்புக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையுமா என்பதே சந்தேகம். இவ்வளவு நெருக்கமாக இருக்கலாமா என்று கேட்டேன். “சுத்துது இல்ல?” என்றான். சுற்றத்தான் செய்தது.

அகலமான டயர் ஏன் மெத்தென்று போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்றைக் கல் மாதிரி அடைத்து, ஒரு முட்டையைத் துணியில் சுற்றிப் பின்னால் கட்டி, ஜல்லியில் ஓட்டினேன். உடைந்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வேறொரு முட்டையோடு ஓட்டினேன். உடையவில்லை. அப்படியே மணலில் இறக்கினேன். புதையவும் இல்லை. அப்படியானால் சுகம் டயரில் மட்டும் இல்லை, காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதிலும் இருக்கிறது! எதிரே வந்த எல்லோரிடமும் சொல்ல ஆசையாக இருந்தது. கூச்சத்தில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். முட்டை யாருடையது என்றுதான் அவள் கேட்டாள்.

அந்த ஐப்பசியில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பொதட்டூர்பேட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்று காலை திருத்தணி மலைமேல் கொடுத்த விபூதியும் சந்தனமும் பெண் வீட்டுத் தட்டில் வந்து அமர்ந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதுவும் ராகுகாலத்துக்கு முன்னால். மற்றவர்கள் விடியும் முன்பே மாட்டுவண்டியில் கிளம்புவது, நான் மலையேறிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்வது என்று முடிவாயிற்று.

“ஒன் வண்டிதான் கப்பல் மாரி போவுதே. வந்துடுவ இல்ல?” என்றார் பாவா.

“ஆங்” என்றேன்.

இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பிரசாதப் பை. பொதட்டூர்பேட்டை வரை உண்மையிலேயே கப்பல்தான். தேங்கிய தண்ணீரில் கூட நேராக விட்டேன். முதுகில் சில்லென்று இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். (காற்று இல்லை. மட்கார்டு எதற்கு இருக்கிறது என்பதை என் முதுகு அப்போது கற்றுக்கொண்டிருந்தது.)

அப்புறம் வயல்வழி. களிமண். மிதிக்க மிதிக்கக் கனத்தது. கால் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் சக்கரமே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயருக்கும் இரும்புக்கும் நடுவே மண், சட்டியில் கேழ்வரகுக் களி கிண்டி வைத்தது போல் இறுகியிருந்தது. குச்சியால் நோண்டி எடுத்து நாலு முழம் தள்ளினால் மறுபடி அடைத்துக்கொண்டது. டயர் அகலமாக இருந்ததால் மண்ணையும் தாராளமாக அள்ளியது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன்.

அன்று கிருத்திகை. திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் தெருவழியே வந்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாததில்லை. என் கோலம்தான் எனக்குத் தெரியவில்லை. தலைமுதல் கால்வரை மண், கழுத்தில் பை, தோளில் வளைவாக ஏதோ ஒன்று, வாயில் மூச்சிரைப்பு. ஊர் முனையில் ஒரு அம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். யாரோ “அரோகரா” என்றார்கள். தெருவே “அரோகரா” என்றது.

இது சைக்கிள் என்று சொல்ல அத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்க வேண்டுமே! வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அருள் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். “சாமி, மலை அந்தாண்ட கீது” என்று ஒருவர் என்னை வந்த வழியே மெதுவாகத் திருப்பிவிட்டார். கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தேன்.

சத்தம் கேட்டுப் பெண் வீட்டிலிருந்து வெளியே வந்த பாவாதான் என்னை அடையாளம் கண்டார். ஊராரைப் பார்த்து, “சாமியெல்லாம் இல்லீங்க. எங்க மாப்ள” என்றார்.

அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. தட்டு காலியாகவே இருந்தது. சகுனம் சரியில்லை, இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்கவில்லை. நான் சைக்கிளை இன்னும் இறக்கியிருக்கவில்லை. அம்மா எழுந்துவிட்டாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

“நைனா, அவர ஒன்னு கேளுங்க. சக்கரந்தான் சுத்தலியே. வண்டிய அங்கியே ஒரு மரத்துல சாச்சுட்டு நடந்து வந்திருந்தா நேரத்துக்கு வந்திருக்கலாமே?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சபை நடுவில் வாயைத் திறந்தேன்.

“டயர நீங்கல்லாம் பாக்கணும்னு…”

உள்ளே ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். எழுந்து வந்து, டயருக்கும் இரும்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

“மட்காடு எங்க?”

“வூட்ல கீதுங்க.”

“அத்தப் போட்டுகினு வரச் சொல்லுங்க, நைனா” என்றது குரல். “அப்பால பேசலாம்.”

மறுநாளே சாக்கை எடுத்துக்கொண்டு கண்ணையனிடம் போனேன். அவன் சாக்கைப் பிரித்தான். தைத்த டயரும் மட்கார்டுமாக அடுத்த முறை போனேன். தை மாதம் கல்யாணம்.

இன்றும் எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் டயருக்கு மேலே என் விரல் தானாகப் போய்விடுகிறது. அகலம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், மேலே ஒரு விரல் இடம் வேண்டும். (சைக்கிளின் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.)

அந்த அகல டயர்கள் என் பிள்ளைகளுக்குக் குச்சியால் தட்டி உருட்டி விளையாடக் கிடைத்தன. மழை பெய்து தெரு சேறானால் உருட்டுவதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு, “அரோகரா” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வருவார்கள். என் மனைவி ஒரு சொம்பு தண்ணீரோடு வெளியே போய் அவர்கள் காலில் ஊற்றுவாள். ஊற்றும்போது அவள் பார்ப்பது என்னை.